டிரைவர் சீட்டுக்குப் பின்னால ஒட்டினது

டிரைவர்: அங்க மட்டும் அடிக்காதம்மா.

கம்பெனிப் பொண்ணு: ஏன் சார்? எங்க கம்பெனி ஸ்ப்ரேயால ஸ்கூல் பஸ் முழுக்கச் சுத்தம் பண்ணிக் காட்டத்தானே என்னை அனுப்பியிருக்காங்க.

டிரைவர்: மத்த சீட்டெல்லாம் பண்ணிட்டியே. ஸ்ப்ரே அடிச்ச, துணியால ஒரு இழுப்பு... சூயிங்கம் கையோட வந்துடுச்சு. நாங்க ஐஸ்கட்டி வச்சு, கத்தியால சுரண்டி, சீட்டையும் சேர்த்துக் கிழிப்போம்.

கம்பெனிப் பொண்ணு: அதெல்லாம் நேத்து ஒட்டினது சார். பழசும் வந்தாத்தான் ஸ்கூல்ல வாங்குவாங்களாம். உங்க சீட்டுக்குப் பின்னால இருக்கறதுதான் கல்லாட்டம்...

டிரைவர்: இருக்கட்டும். அதுக்கு ஒரு கதை இருக்கு.

கம்பெனிப் பொண்ணு: சூயிங்கத்துக்குக் கதையா?

டிரைவர்: சிரிக்காதே. ஒரு சின்னப் பொண்ணு. பஸ்ல ஏறினாலே அழுகை. அழுகுணின்னே பேர் வச்சுட்டேன். என் பையிலேர்ந்து ஒரு சூயிங்கம் எடுத்துக் குடுத்தாத்தான் வாயை மூடுவா.

கம்பெனிப் பொண்ணு: மூடினா எப்படி மெல்லுவா?

டிரைவர்: இதே வாய்த்துடுக்குதான் அவளுக்கும். ஸ்கூல் வந்ததும் டீச்சருக்குப் பயந்து, என் சீட்டுக்குப் பின்னால ஒட்டிட்டு இறங்கிடுவா.

கம்பெனிப் பொண்ணு: திட்ட மாட்டீங்களா?

டிரைவர்: திட்டுவேன். சாயங்காலம் நானே சுரண்டுவேன். ஒரு நாள் ஒட்டிட்டு இறங்கினா... மறுநாள் வரல. அவங்கப்பாவுக்கு வேற ஊருக்கு மாத்தல் ஆயிடுச்சாம்.

கம்பெனிப் பொண்ணு: அப்ப இது...

டிரைவர்: அதுதான். சுரண்ட மனசு வரல. சீட்டு உறை மாத்தினாங்க, பெயின்ட் அடிச்சாங்க... இதை யாரையும் தொட விடல.

கம்பெனிப் பொண்ணு: அப்ப வேணாம் சார். பழசுல வேலை செய்யலன்னு சொல்லிடறேன்.

டிரைவர்: சொன்னா?

கம்பெனிப் பொண்ணு: முதல் வேலை இது. இங்க விக்கலன்னா நிறுத்திடுவாங்க... பரவாயில்ல, வேற தேடிக்கறேன்.

டிரைவர்: ...நகரு. அந்த பாட்டிலைக் குடு. எங்க அழுத்தணும்?

கம்பெனிப் பொண்ணு: ஐயோ... வேணாம் மாமா!

டிரைவர்: பாரு, வழுக்கிட்டு வருது. கறைகூட இல்ல. கெட்டிக்கார மருந்துதான்.

கம்பெனிப் பொண்ணு: இத்தனை வருஷம் வச்சிருந்துட்டு... மனசு கஷ்டமா இல்லையா மாமா?

டிரைவர்: ஆளே வந்து நிக்கறப்ப இது எதுக்கு? இத்தனை பஸ் நிக்க, இந்த பஸ்தான் வேணும்னு கேட்டியாமே... அப்பவே தெரியும். நீயா வாயைத் திறப்பேன்னுதான் கதை சொல்லிட்டிருந்தேன். கண்ணைத் துடை அழுகுணி... இப்பல்லாம் என் பையில சூயிங்கம் இருக்கறதில்ல.