'அ' இல்லாத அம்மா

கார்ட்டூனில் வருகிறவர்களுக்கு வாய் உண்டு, தொண்டை கிடையாது. வரைந்த உதடு அசையும், அவ்வளவுதான். மெல்லுகிற, விழுங்குகிற, ஏப்பம் விடுகிற சத்தத்தையெல்லாம் ஒலிப்பதிவுக்காரன் எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். எனக்குப் பல வருடமாக அதுதான் வேலை, சார்.

எங்கள் தொடர் ஒரு குடும்பத்தின் கூத்து. அதில் தொந்தி மாமா என்று ஒருவர் எந்நேரமும் தின்றுகொண்டே இருப்பார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். அந்தத் தீனிச் சத்தம் முழுக்க என் மச்சானுடையது. என் மனைவியின் அண்ணன். வேலை போனதும் எங்கள் வீட்டோடு வந்து தங்கிவிட்டவர்.

அவர் சாப்பிடுவதை நீங்கள் பார்த்ததில்லை. எலும்பைக் கடைவாயில் கொடுத்து உறிஞ்சுவார். உள்ளே இருப்பது வராவிட்டால் தட்டின் விளிம்பில் தட்டி, மறுபடி உறிஞ்சுவார். குழம்பும் எச்சிலும் முழங்கை வரை வழியும். நாக்கு அதைத் துரத்திக்கொண்டு போகும். வாய் நிறைய வைத்துக்கொண்டே பேசுவார். "நல்லா சாப்பிடு மாப்ள, என்ன எலி மாதிரி கொறிக்கிற?" மென்றதில் ஒரு துணுக்கு என் மூக்குக்கண்ணாடியில் வந்து ஒட்டும். நான் தட்டை வைத்துவிட்டு எழுந்து போவேன்.

பிறகு பழக்கூடைக்குள் ஒரு மைக்கை ஒளித்து வைத்தேன். வெறும் காதில் கேட்டால் குமட்டும். கருவி வழியாக வந்தால் அது சரக்கு. தொலைக்காட்சியில் தொந்தி மாமாவைப் பார்த்து மச்சானே முகம் சுளித்திருக்கிறார். "சே, மனுஷனா இவன்? பன்னி மாதிரி திங்கிறான் பாரு மாப்ள." ஆமாம் மச்சான் என்றேன்.

விருந்துக்குப் போகும் பகுதியில் தொந்தி மாமாவின் தொண்டையில் எலும்பு சிக்கும். அவர் வேடிக்கை காட்டுவதாக நினைத்து எல்லோரும் கைதட்டுவார்கள். கடைசியில் எலும்பு பறந்துபோய் முதலாளியின் கோப்பையில் விழும். குரல் நடிகர் பலமுறை இருமிக் காட்டினார். இயக்குநருக்குப் பிடிக்கவில்லை. "வாய் கொப்பளிக்கிற மாதிரி இருக்குப்பா. நிஜமா ஒண்ணு கொண்டா" என்றார்.

அந்த ஞாயிறு மனைவி வெளியே போயிருந்தாள். கறியை எலும்போடு வாங்கி வந்தது நான்தான். அவருக்கு அதுதான் பிடிக்கும். அவர் மேசையில் இருந்தார். நான் அடுத்த அறையில், கதவு திறந்திருக்க, ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு எதுவும் கேட்கவில்லை, காதில் ஹெட்போன் இருந்தது என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். ஹெட்போன் இருந்தது உண்மை. அவருடைய தொண்டையை அவரைவிடத் தெளிவாகக் கேட்டவன் நான். முதுகில் நாலு தட்டுத் தட்டியிருந்தாலே பிழைத்திருப்பார் என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். இருக்கலாம். ஆனால் நான் எழுந்தால் நாற்காலி கிறீச்சிடும், பதிவு கெட்டுவிடும். அதனால் அசையவில்லை. அவர் அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். அது தொழில் வழக்கம். அறையின் வெறும் அமைதியைத் தனியாகப் பிடித்து வைத்துக்கொள்வோம். பின்னால் ஏதாவது சத்தத்தை வெட்டினால் அந்த ஓட்டையை அடைக்க உதவும்.

இயக்குநர் கேட்டுவிட்டு என் தோளைத் தட்டினார். "அம்மாவைக் கூப்பிடுறான் பாரு! எங்கய்யா பிடிச்ச?" என்றார். அந்த "மா... மா..." வரும் இடத்தில் சிரிப்பொலியை இரண்டு மடங்காக்கச் சொன்னார்.

ஒளிபரப்பான அன்று என் மனைவியும் பார்த்தாள். அண்ணன் போனபின் அன்றுதான் முதல்முறையாகச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். இரவு கைபேசியில் அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள்.

"இது அண்ணன் குரல்."

"புரை ஏறினா எல்லார் தொண்டையும் ஒரே மாதிரிதான் இருக்கும்" என்றேன். "அம்மாவைக் கூப்பிடுற மாதிரி நடிச்சிருக்காங்க."

"அம்மான்னா 'அ' எங்க?"

"மூச்சு முட்டுறவனுக்கு 'அ' எப்படி வரும்?"

"எங்க அண்ணன் 'மா'ன்னு ஆரம்பிச்சுக் கூப்பிடுறது இந்த உலகத்துல ஒரே ஒரு ஆளைத்தான்" என்றாள். விடிந்ததும் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள்.

நீங்கள் டீயைக் கொஞ்சம் மெதுவாக உறிஞ்சினால் நல்லது. நன்றி, சார்.

அவளுடையது நல்ல காது. ஆனால் அவள் கேட்டது பாதிதான். அசல் பதிவில் அந்தச் சொல் முழுசாகவே இருக்கிறது. இரண்டு தடவை. திறந்திருந்த என் கதவைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். 'மாப்ள' என்பதில் 'ப்ள'வை வெட்டியது நான். அந்த இடத்தில் அவர் அடங்கிய பிறகு பிடித்த அமைதியை வைத்தேன். உங்கள் ஆட்களைப் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள், சார். ஒட்டே தெரியாது.