பேர் போடாத செய்தி

— முறைக்காதே தாயே. ரெண்டு பேப்பரையும் மடியில விரிச்சு வெச்சுக்கிட்டு என்னையே பாத்தா என்ன அர்த்தம்?

— ஏன்யா மாத்தினே, ஒட்டடைக்குச்சி? அதை மட்டும் சொல்லு.

— என்னத்த மாத்தினேன்? பொண்ணு பேர் போட்டேனா? தெருவு, பள்ளிக்கூடம்? ஒண்ணும் கிடையாது. சட்டப்படி பாத்தா என் செய்தியில ஒரு ஓட்டை இல்ல.

— என் செய்தியிலயும் இல்ல. நேத்து கோர்ட் முடிஞ்சதும் இதே பெஞ்சுல உக்காந்து என்ன பேசி வெச்சோம்?

— ஆள் பேர் போடணும். பொண்ணுக்கு என்ன உறவுன்னு போடக்கூடாது.

— எத்தனை வருஷப் பழக்கம் இது?

— இருபது வருஷம். பிள்ளைங்க பாலியல் கேஸுன்னா, ஆள் பேரா உறவான்னு எல்லா பேப்பரும் ஒரே பக்கம் சாயணும். எனக்கேவா பாடம் நடத்தறே?

— தெரிஞ்சேதான் பண்ணியிருக்கே, அதான் வயிறு எரியுது. நான் அந்த ஆளோட பேர், வயசு, வேலை எல்லாம் போட்டு, பதிமூணு வயசுப் பொண்ணுன்னு நிறுத்திக்கிட்டேன். நீ பேரை எடுத்துட்டு 'பெத்த அப்பனே'ன்னு போட்டிருக்கே. அதுவும் கொட்டை எழுத்துல! ஆளுக்கு ஒரு கதவைப் பூட்டிட்டு, ஆளுக்கு ஒரு கதவைத் திறந்து விட்டிருக்கோம். ரெண்டையும் சேத்துப் படிச்சா பொண்ணு யாருன்னு தெரிஞ்சுடும்ல?

— எடிட்டர் பிடிச்ச பிடி தாயே. 'ஆள் பேர் எவனுக்கு வேணும், அப்பன்னு இருந்தாத்தான் படிப்பான்'னார். சரி, ஒண்ணைப் போட்டா இன்னொண்ணு இருக்கக் கூடாதேன்னு பேரைத் தூக்கிட்டேன். எங்க பேப்பருக்குள்ள சரியாத்தான் இருந்துச்சு.

— எனக்கு ஒரு போன் போட்டா குறைஞ்சா போயிடுவே?

— போட்டா நீ விட்டிருக்கவே மாட்டே. அதான் போடல. ஆமா, நீ மட்டும் என்ன? சாயங்காலம் ஆறு மணிக்கே எங்க செய்தி எல்லார் போன்லயும் வந்தாச்சு. பாக்கலேன்னு சொல்லு, பாப்போம்.

— பாத்தேன்.

— அப்பவே உன் செய்தியில பேரைத் தூக்கியிருக்கலாம்ல?

— தூக்கியிருக்கலாம். பேசினதை மீறினது நீ, நான் எதுக்கு இறங்கி வரணும்னு ஒரு வீம்பு. இப்ப புலம்பறேன். கண்ணு கெட்டப்புறம் சூரிய நமஸ்காரம்.

— சும்மா பதறாதே. இந்தக் காலத்துல ரெண்டு பேப்பர் எவன் படிக்கிறான்?

— தம்பி, இந்த ஓரத்துல கொஞ்சம் உக்காரலாமா? அரசு வக்கீலைப் பாக்கணும், இன்னும் வரல.

— உக்காருங்கம்மா. யோவ், தள்ளி உக்காரு.

— இந்தப் பேப்பர்ல அப்பான்னு போட்டிருக்கு. அதுல ஒரு ஆள் பேர் போட்டிருக்கு. ரெண்டும் ஒரே கேஸா தம்பி?

— அதெல்லாம் நாங்க சொல்லக்கூடாதும்மா. சட்டம்.

— எழுதினது நீங்கதானா?

— ஆமாம்மா. ஆளுக்கு ஒண்ணு.

— எங்க தெருவுல ரெண்டையும் போன்ல ஒண்ணா ஒட்டி அனுப்பிட்டாங்க. விடியறதுக்குள்ள பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வரைக்கும் போயிடுச்சு.

— ஐயோ... நீங்க அந்தத் தெருவாம்மா? அந்தப் பொண்ணு எப்படி இருக்கு? அவளோட மிச்ச சாட்சி இன்னைக்குத்தானே?

— வரமாட்டா. நேத்து திரைக்குப் பின்னாடி நின்னு பாதி சொல்லிட்டா. வெளிய யாருக்கும் தெரியாதுன்னு ஒரு தைரியம். வீட்டுக்கு வந்து நல்லாக்கூட சாப்பிட்டா. காலையில போனைப் பாத்தவ, உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா. அதைத்தான் அரசு வக்கீல்கிட்ட சொல்ல வந்தேன்.

— அவ வரலேன்னா அந்த ஆளு தப்பிச்சுடுவான்மா!

— தப்பிச்சா நேரா அந்த வீட்டுக்குத்தான் வருவான். அவனுக்கு வேற போக்கிடம் கிடையாது.

— இருங்கம்மா, நான் உங்க கூட வரேன். வக்கீல்கிட்ட பேசுவோம். வேற நாள் கேக்கலாம். நாங்க பண்ணினதை ஜட்ஜ்கிட்ட நானே சொல்றேன், என் வேலை போனாலும் போகட்டும். நீயும் எந்திரிய்யா!

— வரேன், வரேன். ஆனா அம்மா, ஒண்ணு மட்டும். உள்ள ஜனம் நிறைய நிக்குது. தப்பித் தவறிக்கூட அந்தப் பொண்ணு பேரை வாய்விட்டுச் சொல்லிடாதீங்க. இத்தனை நாளா அந்தப் பேரைத்தான் நாங்க காப்பாத்திட்டு வரோம்.

— சொல்லமாட்டேன் தம்பி. காலையில அந்தப் பேரைச் சொல்லித்தான் கதவைத் தட்டினேன். 'இனிமே அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடாதேம்மா'ன்னுட்டா.