அக்கா சொல்லுச்சு

மேடம் வேணாம்ப்பா. வேற எது வேணா சொல்லு, மேடம் மட்டும் வேணாம். அந்த வார்த்த எனக்கு ஆகாது. ஏன்னு கேக்காத, பேச்சுல தானா வரும். எங்க உக்காரட்டும்? இங்கயா? ஃபேன நிறுத்தணுமா, நிறுத்து. ஜன்னலச் சாத்து. ஃப்ரிட்ஜ் சத்தம் கூட விழுமா? அடேங்கப்பா, நல்ல காதுப்பா உன் மைக்குக்கு. ஒயரப் பிடுங்கிடு, உள்ள கெட்டுப் போற மாதிரி ஒண்ணும் இல்ல. மேல் வீட்டத்தான் ஒண்ணும் செய்ய முடியாது. அந்த அம்மாவுக்கு இப்பதான் நாற்காலிய இழுக்கணும்னு தோணும்.

குரல் லெவல் பாக்கணுமா? எதாவது பேசிட்டே இருக்கணுமா? என்ன பேச? இதெல்லாம் ரெகார்ட் ஆகாதுல்ல? சும்மா லெவல்தானே? சரி. பேசறதுக்கா பஞ்சம். வேல போனதுலேர்ந்து நான் பேசறதக் கேக்க இந்தச் சுவர விட்டா ஆள் இல்ல.

முதல்ல காபியக் குடி. கசக்குதா? சர்க்கர போடல. மறக்கல, வேணும்னுதான் போடல. வர்றது நீன்னு எனக்குத் தெரியாது. உங்க மேனேஜரே நேர்ல வருவார்னு நெனச்சு போட்டு வெச்சது. அவருக்கு சுகர். ஓ, நீ அந்த ஆஃபீஸே இல்லயா? ஸ்டூடியோ ஆளா? அவர ஃபோன்லதான் தெரியுமா? சரிதான். நான் யாருன்னு சொன்னான்? சொன்னார்? பழைய ஸ்டாஃப் ஒருத்தர்னா? ம்ஹும். பழைய சேர், பழைய பிரிண்டர், பழைய ஸ்டாஃப்.

அப்போ இந்த அக்கான்னா என்னன்னே உனக்குத் தெரியாதா? ஏதோ ஆப்புன்னு நெனச்சியா? ஆப்புதான். எனக்கு வெச்ச ஆப்பு.

சொல்றேன் கேளு. ப்ரோக்ராம் எழுதறவங்களுக்கு, எழுதறதுக்குன்னே கம்ப்யூட்டர்ல ஒரு எடிட்டர் இருக்கும். நாங்க எழுதறது பஸ் டிக்கெட் புக் பண்ற ப்ரோக்ராம். அந்த எடிட்டருக்குள்ளயே ஓரமா இது உக்காந்திருக்கும். நாம பாதி வரி எழுதினா, மீதிய மங்கலா சாம்பல் எழுத்துல அதுவே எழுதிக் காட்டும். டேப் பட்டனத் தட்டினா கறுப்பாயிடும். அவ்ளோதான், நாம எழுதினதாயிடும். பக்கத்துல ஒரு கட்டம் உண்டு, அதுல எது கேட்டாலும் பதில் சொல்லும். கெட்டிக்கார சாமான், இல்லங்கல. ஆனா வந்த புதுசுல எங்க வேல அதுக்குப் பிடிபடல. ஒரே சீட்ட ரெண்டு பேருக்கு வித்துட்டு, பிரமாதமா முடிச்சாச்சுன்னு நிக்கும்.

அதுக்குப் பாடம் எடுக்க யார உக்கார வெச்சாங்க? என்னத்தான். அது தப்புப் பண்ணும்போதெல்லாம் திருத்தணும், ஏன் தப்புன்னும் எழுதணும். ஒரு வருஷம்ப்பா. எனக்கு நாசூக்கா எழுதத் தெரியாது. சின்னப் பசங்களத் திட்டற மாதிரியே எழுதினேன். எதுக்கு இப்ப பறக்கற, யோசிச்சு எழுதுன்னு. இதக் கொண்டு போய் எந்தப் பயணி தலைல கட்டப் போறன்னு. நல்லா இருந்தா, பரவால்லயே, உருப்பட்டுருவன்னு. எல்லாத்தயும் வாங்கி வாங்கி உள்ள போட்டுக்கிச்சு.

ஒரு நாள் பக்கத்து சீட்டுப் பொண்ணு விழுந்து விழுந்து சிரிக்கறா. அக்கா இங்க பாருங்க, இது உங்கள மாதிரியே திட்டுதுங்கறா. எட்டிப் பாத்தேன். எதுக்கு இப்ப பறக்கறன்னு சாம்பல் எழுத்துல நிக்குது. நானும் சிரிச்சேன். பெருமையாக் கூட இருந்துச்சு, பொய் சொல்லல. அன்னிக்கே அதுக்கு அக்கான்னு பேர் வெச்சாச்சு. யாரா? மேனேஜர்தான். அந்தப் பேர எடுத்துக் குடுக்க அவருக்கு உரிமை உண்டு, அது வேற கத.

என்ன எப்படி அக்கான்னு கூப்பிட ஆரம்பிச்சாங்கன்னா, அதுவும் ஒரு விபத்துதான். ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு புதுப் பையன் வேலைக்குச் சேந்தான். முதல் மீட்டிங், பயந்து போயிருந்தான். எல்லார் முன்னாடியும் வாய் தவறி என்ன அக்கான்னுட்டான். ரூமே சிரிச்சுது. மறுநாள்லேர்ந்து மொத்த ஆஃபீஸுக்கும் நான் அக்கா. என்ன விடப் பெரியவங்களுக்கும் அக்கா, வாட்ச்மேனுக்கும் அக்கா.

அப்புறம் ரெண்டு அக்கா ஆச்சா, தலவலி. அக்காவக் கேளுன்னு எவனாவது கத்துவான். நான் திரும்புவேன். அவன் எங்க என்னப் பாக்கறான், திரையப் பாத்துட்டு இருப்பான். என்னவோ கழுத்து வலிக்கற மாதிரி தடவிக்கிட்டு மறுபடி இந்தப் பக்கம் திரும்பிக்குவேன். அப்படித் திரும்பித் திரும்பியே ஒரு நாள் நெசமாவே சுளுக்கிக்கிச்சு. அப்புறம் ஒரு வழி கண்டுபிடிச்சேன். வார்த்தையோட வாலப் பிடிச்சுக்கிட்டேன். அக்கா சொன்னாங்கன்னா நான். அக்கா சொல்லுச்சுன்னா அது. வால் வர்ற வரைக்கும் தலையத் திருப்பறதில்ல.

அதுவும் கொஞ்ச நாள்தான். ஒரு மத்தியானம் சாப்பிட்டு கை கழுவிட்டு இருக்கேன், கதவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் சொல்றான், திரும்பி வர்ற பஸ்ஸயும் சேத்துப் பாக்கணும்னு அக்கா சொல்லுச்சுடான்னு. அத சொன்னது நான்ப்பா. அன்னிக்குக் காலைல, அவன் சேர் பக்கத்துல நின்னு, என் வாயால. அவன் மரியாத கொறச்சலா ஒண்ணும் பேசல. எந்த அக்கா சொன்னதுன்னு அவனுக்கு ஞாபகம் இல்ல, அவ்ளோதான். குழாய மூடாம அப்படியே நின்னேன். இனி நான் அங்க எதுக்குன்னு அப்பவே புரிஞ்சு போச்சு.

அடுத்த மாசம் கண்ணாடி ரூமுக்குக் கூப்பிட்டாங்க. ஹெச்.ஆர். அம்மா ஒரு பக்கம், மேனேஜர் ஒரு பக்கம். டிஷ்யூ டப்பாவ என் பக்கமாத் தள்ளி வெச்சிருந்தாங்க, அழுவேன்னு. நான் ஏன் அழறேன்? மேனேஜர் மேஜயப் பாத்துக்கிட்டே பேசினார். நீங்க செஞ்சத மறக்க மாட்டோம் மேடம். எங்க கைல ஒண்ணும் இல்ல மேடம். மூச்சுக்கு ஒரு மேடம். அவர் ஷூ கயிறு அவிழ்ந்து கெடந்துச்சு. கட்டுன்னு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்.

வேற எடத்துல தேடலயான்னா, தேடினேனே. ஒரு இன்டர்வியூல, என் பொண்ணு வயசு இருக்கும் அவளுக்கு, கேக்கறா, அக்கான்னு ஒரு டூல் வருதாமே, உங்களுக்கு யூஸ் பண்ணத் தெரியுமான்னு. தெரியும்னேன். எத்தன நாளான்னா. பொறந்ததுலேர்ந்துன்னேன். அவ சிரிக்கல. வேலயும் குடுக்கல.

இப்ப அதுக்கு வாய் வேணுமாம். எழுத்து போதலயாம், பேசணுமாம், ஊர்ல இருக்கற கம்பெனிக்கெல்லாம் விக்கணுமாம். என் குரலா இருந்தா இயல்பா இருக்கும்னு மெயில் வந்துச்சு. முடியாதுன்னு எழுதினேன், அழிச்சேன். மறுபடி எழுதினேன், அழிச்சேன். கடைசில, வீட்டுக்கு வந்தா குடுக்கறேன்னு அனுப்பினேன். வீட்டுக்கே ஆள் வரும்னு பதில். ஆள்னா அவர்தான்னு நானா நெனச்சுக்கிட்டு வீட்டத் தொடச்சு, காபியப் போட்டு. என்னப் போல ஒரு பைத்தியம் உண்டா?

சரி, நான் படிக்க வேண்டிய அந்தப் பேப்பரக் குடு. என் கண்ணாடி எங்க? ம், இருக்கு. எதுக்கு இப்ப பறக்கற. ம். பரவால்லயே, உருப்பட்டுருவ. எல்லாம் என் சரக்குதான். படிச்சுத் தரேன். ஏற்கனவே எடுத்துக்கிட்டதுதானே, சத்தம் மட்டும்தான் பாக்கி. அடியில இது என்ன, கையால எழுதியிருக்கு? கவலப்படாத தம்பி, அக்கா இருக்கேன்.

இது யார் சேத்தது? அவரேவா? ஆமா, அந்தக் கோணல் எழுத்து தெரியாதா எனக்கு. இல்லப்பா. மத்ததெல்லாம் எடுத்துக்கோ, இது கெடையாது. இத நான் ஆஃபீஸ்ல ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. அந்தச் சாமானுக்கும் எழுதினதில்ல. நீயே பாரு, வந்ததுலேர்ந்து உன்ன வாப்பா போப்பாங்கறேன், ஒரு தடவ தம்பின்னு வந்துச்சா? எல்லாரும் எல்லாரயும் தம்பிங்கறாங்க, எனக்கு வராது. அந்த வார்த்தைக்கு எனக்கு ஒருத்தன்தான். எங்கப்பா போன அன்னிக்கு ஆஸ்பத்திரிப் படியில உக்காந்து தேம்பித் தேம்பி அழுதான். பள்ளிக்கூட ஷூ, கயிறு அவிழ்ந்து கெடக்கு. அதக் கட்டிவிட்டுக்கிட்டே சொன்னேன். கவலப்படாத தம்பி, அக்கா இருக்கேன்னு. இருந்தேன். படிக்க வெச்சேன், என் ஆஃபீஸ்லயே சேத்தும் விட்டேன். முதல் மீட்டிங்ல வாய் தவறி அக்கான்னான்னு சொன்னேன்ல, அவன்தான். உனக்கு ஃபோன் பண்ண மேனேஜர். கூடப் பொறந்தவன்.

அவனுக்கு அது கேக்கணும்னா நேர்ல வரச் சொல்லு. இந்த வீட்டுப் படியேறி வந்து கேக்கச் சொல்லு. அந்தக் காபிய அப்படியே வெச்சுடுப்பா, உனக்கு சர்க்கர போட்டு வேற தரேன்.

அது என்ன, உன் மெஷின்ல செகப்பா எரியுது? முதல்லேர்ந்தேவா? லெவல் பாக்கும்போதே ஓடுமா? அப்போ, நான் சொன்னதெல்லாம் அதுல இருக்கா? அதுவுமா?

அந்த வரிய ரெண்டு தடவ சொல்லிட்டேனே.

வேணாம், அழிக்காத. கைய எடு. அந்த ஒரு வரிய மட்டும் நறுக்கி எடுத்துக் குடுத்துடாதப்பா, அதான் நான் கேக்கறது. மேடம் வேணாங்கறதுலேர்ந்து முழுசாக் குடு, கசப்புக் காபியோட சேத்துக் குடு. குடுக்கும்போது ஞாபகமா, அக்கா சொன்னாங்கன்னு சொல்லு. சொல்லுச்சுன்னு சொல்லிடாத.