மெர்சி சொன்ன தேதி

மெர்சி: …போயிடலாம் வாங்க அண்ணி. பெரியபாளையம் பஸ்ஸ உட்டா, கம்பெனிக்கு ரெண்டு மணிக்குள்ள போவ முடியாது.

ஞானம்மா: குந்துடி. முன்னாடி ரெண்டே பேரு தான். ஆஸ்பத்திரில இருந்து மூணு தபா போன் பண்ணிட்டாங்க. மூணும் என் போனுக்கு!

மெர்சி: எங்க போன கம்பெனி கேட்லயே வாங்கி வெச்சிக்கிறாங்களே. அதான் கர்ப்பப்பை டெஸ்ட் எடுத்த கேம்ப்ல உங்க நம்பர குட்தேன். …கேன்சரா இருக்குமா?

ஞானம்மா: ரிசல்ட்ல மாத்தம் தெரிஞ்சா கேன்சர்னு அர்த்தம் இல்லன்னு சிஸ்டரு சொல்லல? லென்சு வெச்சுப் பாப்பாங்க. தேவைன்னா துளியூண்டு சதை எடுப்பாங்க. அவ்ளோ தான்.

மெர்சி: கம்பெனில எங்க லைன்ல ஒரு அக்காக்கு கர்ப்பப்பையவே…

ஞானம்மா: அவங்க வயசு இன்னா, உன் வயசு இன்னா?

மெர்சி: முப்பத்திரெண்டு. கல்யாணமாகி ஏழு வருசம்…

ஞானம்மா: நான் ஏதாச்சும் கேட்டனா?

மெர்சி: நீங்களும் கேக்கல, உங்க தம்பியும் கேக்கல. அதான் தாங்கல. கார் கண்ணாடி பேக் பண்றேன் இல்ல… ஒவ்வொண்ணுலயும் என் மூஞ்சி வரும். தோள்ல ஒரு கொழந்த சாஞ்சினு கீற மாரி நெனச்சுப்பேன். ஒரு ஷிப்ட்டுக்கு நானூறு கண்ணாடி… நானூறு தபா.

ஞானம்மா: பைத்தியம். …எந்தத் தோளு?

மெர்சி: இடது.

ஞானம்மா: சரி தான். வலது கையால டேப்பு ஒட்டணுமே.

மெர்சி: சிரிக்க வெக்காதீங்க அண்ணி…

சிஸ்டர்: மெர்சி யாரும்மா? கடைசி பீரியட்ஸ் எந்தத் தேதி?

மெர்சி: போன வாரம்… பதினாலு.

சிஸ்டர்: சரி. அடுத்தது நீங்க தான்.

ஞானம்மா: பதினாலா?

மெர்சி: ம்.

ஞானம்மா: என் மூஞ்சியப் பாத்து சொல்லு.

மெர்சி: …பொய் அண்ணி. பத்தொம்போது நாள் தள்ளிப் போயிருக்கு. ரெண்டு தபா சந்தோசமா ஊர்பூரா சொன்னேன், ரெண்டும் தங்கல. இந்தத் தபா மூச்சே உடாம இருந்தா… உள்ள போனா கலைஞ்சிடுமா?

ஞானம்மா: கலையாம பாக்கத் தான்டி தேதி கேக்கறாங்க! எழுந்திரு. சிஸ்டர்கிட்ட மாத்தி சொல்லு. …போன மாசம் வாங்கியாந்த நாப்கின் பாக்கெட்டு பிரிக்காமயே கீது. நீ வேலைக்குப் போனதும் தெனம் பீரோவத் தொறந்து பாக்கறேன். சொன்னா போயிடுமோன்னு, நானும் தான் வாய மூடினு கெடந்தேன்.