துடைத்த கண்ணாடி

சிங்கப்பெருமாள் கோவிலில் காலை ரயில் ஏறிய தம்பதி என் எதிரே உட்கார்ந்தார்கள். கணவர் மடியில் போர்வை சுற்றிய தொலைநோக்கி. இரவு முழுவதும் பக்கத்து ஏரிக்கரையில் நட்சத்திரம் பார்க்கும் போட்டியாம்; பட்டியலில் உள்ளதையெல்லாம் விடிவதற்குள் தேடிப் பார்த்துவிட வேண்டுமாம்.

“நீ பாத்தது பனி இல்லம்மா. அதான் நான் தேடிகினு இருந்த கேலக்ஸி.”

“வெள்ளையா பொக மாதிரி கீதுன்னுதானே சொன்னேன்? நீங்கதான் கண்ணாடியில பனின்னு தொடச்சீங்க.”

“தொடச்ச துணியில ஈரமே இல்ல. அப்பதான் புரிஞ்சிது. அதுக்குள்ள குழாய் நவுந்துடுச்சி, மறுபடி சிக்கவே இல்ல. மத்ததெல்லாம் பாத்துட்டேன், அது ஒண்ணுதான் பாக்கி.”

தாம்பரம் தாண்டியதும் அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

“எப்படி இருந்திச்சி, சொல்லேன்,” என்றார்.

“எங்க பாத்தேன்? உடனே நவுரச் சொல்லிட்டீங்களே.”