கடைசி ஒரு முழம்

வயதானவர்களுக்கு கோல்ஃபை விட நல்ல உடற்பயிற்சி கிடையாது. காற்று வரும், கால் நடக்கும், பேச்சுத் துணைக்கு ஓர் ஆள் இருப்பார். சார், நீங்களும் ஓய்வு பெற்ற பிறகு ஆடிப் பாருங்கள். இந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து எல்லாரையும் விசாரித்துக்கொண்டிருந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

என் சம்பந்தியைப் பற்றிக் கேட்டீர்கள். என் மகனுக்குப் பெண் கொடுத்தவர், டைல்ஸ் கடை நடத்தி ஓய்ந்தவர். நல்ல மனிதர். மனைவி போன பிறகு, பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று மகள் வீட்டுக்கு வந்தார். அதாவது நான் இருக்கும் வீட்டுக்கு. மூன்று வருஷமாக அந்தப் பத்து நாள் முடியவில்லை. அதிலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் வீட்டில் ஒரே சோபா, ஒரே டிவி. அதில் கோல்ஃப் போட்டி வந்துவிட்டால் அவர் வாய் மூடாது.

"ஒரு முழ தூரம் சம்பந்தி. இதைப் போய்க் கோட்டை விடுறான் பாருங்க. நானா இருந்தா கண்ணை மூடிட்டுப் போட்டிருப்பேன்."

நான் பல் மருத்துவனாக இருந்தவன். ஆயுள் முழுக்க என் எதிரில் உட்கார்ந்தவர்கள் வாயைத் திறந்து வைத்திருந்தார்களே தவிர, ஒருவரும் பேசியதில்லை. எனக்கு அப்படியே பழகிவிட்டது.

எங்கள் கிளப்பில் பெரிய சாம்பியன்ஷிப் ஒன்று நடந்தது. அதற்காக ஓரத்துப் புல்லை முழங்கால் வரை வளர்த்து, குழிகளைச் சுற்றியுள்ள தரையை மழித்து உருட்டி, மைதானத்தை அடையாளமே தெரியாமல் மாற்றியிருந்தார்கள். போட்டி முடிந்த மறுநாள், புல்லை வெட்டுவதற்கு முன்னால், உறுப்பினர்கள் ஆசைக்கு ஆடிக்கொள்ளலாம் என்றார்கள். முதல் ஆளாக எங்கள் இருவர் பெயரையும் கொடுத்தேன். பந்தயம் இதுதான்: நூறு முறை மட்டையைச் சுழற்றுவதற்குள் பதினெட்டுக் குழிகளையும் முடித்துவிட்டால் ரிமோட் ஆயுளுக்கும் அவருக்கு. முடியாவிட்டால் டிவி முன்னால் வாய் திறக்கக் கூடாது. சிரித்துக்கொண்டே கை கொடுத்தார். அவருக்கு நெஞ்சுவலி உண்டு என்பது எனக்குத் தெரியும். நாக்கடியில் வைக்கும் மாத்திரை அவர் பையில் இருப்பதும் தெரியும். எதையும் மறைக்கவில்லை.

மைதானத்தில் ஏறிப்போகிற வண்டி வேண்டாம் என்றேன்.

"டிவியில வர்றவங்க வண்டியிலயா போறாங்க?"

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டு பைகளையும் நானே இழுத்துக்கொண்டு நடந்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் பந்து புல்லுக்குள் போனது. தேடப் போனவர், யார் யாரோ தொலைத்த பந்துகளையெல்லாம் கண்டுபிடித்தார், தன்னுடையதைத் தவிர. சற்று நேரத்தில் பந்தை விட்டுவிட்டு ஒரு கால் ஷூவைத் தேட ஆரம்பித்தார். அடுத்து மணல்பள்ளத்தில் இறங்கினார். வெளியே தொப்பி மட்டும் தெரிந்தது. மணல் பறக்கும், தொப்பி ஆடும், பந்து மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போகும். பாதி மைதானம் தாண்டும் முன்பே நூறு போய்விட்டது.

"தோத்துட்டேன் சம்பந்தி. இனிமே டிவி முன்னாடி மூச்சு விடமாட்டேன். வீட்டுக்குப் போவமா?"

"பாதியில விட்டுட்டுப் போறது ஆட்டக்காரனுக்கு அழகா?" என்றேன். தோற்றவர் தரும் வாக்கை எத்தனை நாளைக்கு நம்புவது, சொல்லுங்கள்.

எங்களைப் போலப் பொழுதுபோக்குக்கு ஆடுபவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பந்து குழிக்கு ஒரு முழத்துக்குள் வந்துவிட்டால், எதிராளி "போதும், எடுத்துக்குங்க" என்பார். உள்ளே விழுந்ததாகவே கணக்கு. எங்களில் பாதிப் பேர் தங்களை ஆட்டக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு வார்த்தையின் புண்ணியத்தில்தான். நடந்து முடிந்த சாம்பியன்ஷிப்பில் அந்தச் சலுகை கிடையாது. பந்து குழிக்குள் விழுந்தே ஆக வேண்டும். அன்று நானும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. ஒரு குழியில்கூடச் சொல்லவில்லை.

கடைசிக் குழியில் அவர் பந்து மேல்பக்கம் ஒரு முழத்தில் நின்றது. தொட்டார். குழியின் விளிம்பை உரசிவிட்டுச் சரிவில் இறங்கி ஓடியது. கீழிருந்து தள்ளினார். குழி வரை ஏறி, கொஞ்சம் யோசித்து, நாய்க்குட்டி மாதிரி அவர் காலடிக்கே திரும்பி வந்தது. மறுபடி தள்ளினார். மறுபடி வந்தது. என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

புல் வெட்டும் இயந்திரத்தோடு காத்திருந்த ஆள் கிட்டே வந்தார்.

"ஐயா, அவர் மூஞ்சி வெளுத்துப் போயிருக்கு. எடுத்துக்கச் சொல்லிடுங்களேன்."

"விதின்னா விதிதான் தம்பி. நீ போய் அவருக்கு ஒரு வண்டி கொண்டா."

பாவம், ஓடினார். கிளப் கட்டடம் மேட்டுக்கு அந்தப் பக்கம். எவ்வளவு நேரமாகும் என்பது எனக்குத் தெரியும்.

சம்பந்தி புல்லில் உட்கார்ந்துவிட்டார். பையைக் காட்டி, "மாத்திரை" என்றார். டப்பாவை எடுத்தேன். கையில் வைத்துக்கொண்டேன்.

"ஒரு முழம்தானே சம்பந்தி. போட்டுட்டு வாங்க, தர்றேன்."

மட்டையை ஊன்றி எழுந்தார். அந்த ரோஷத்தை நான் மதிக்கிறேன். தள்ளினார். பந்து ஏறியது, நின்றது, திரும்பி வந்தது. அது வந்து சேர்வதற்குள் அவர் விழுந்துவிட்டார்.

"மாத்திரை டப்பா உங்க கையிலதானேப்பா இருந்துச்சு?" என்று வீட்டில் மகன் கேட்டான். ஆமாம் என்றேன். மருமகள் ரிமோட்டை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உங்களுக்குப் போன் செய்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

கொன்றீர்களா என்று கேட்கிறீர்கள். கொன்றேன் என்றே எழுதுங்கள், எனக்குக் கூச்சமில்லை. மறுபடி அந்தப் புல்லில் கொண்டுபோய் நிறுத்தினாலும் அதையேதான் செய்வேன். விதியை மீறினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அன்று அந்த மைதானத்தில் விதிப்படி ஆடியவன் நான் ஒருவன்தான்.

என் பந்தா? அதுவும் குழிக்கு ஒரு முழத்தில்தான் கிடந்தது. வண்டி வரும் சத்தம் கேட்டது. போதும் என்று எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.