விழா மலரின் பதினேழாம் பக்கம்

– அத்தான், தோரணம் கட்டுறதைக் கொஞ்சம் நிப்பாட்டுங்கோ. மலரிலை பதினேழாம் பக்கம் ஆர் எழுதினது?

– என்ரை பேர் போட்டுக் கிடக்குதே. 'அதிபர் உரை, சயந்தன் மாஸ்டர்.' கண்ணாடியைப் போடன், நிருஷா.

– பேர் தெரியுது. எழுதினது ஆர் எண்டு கேக்கிறன்.

– இது என்ன கேள்வி? கிழமைக்கு அஞ்சு நாள் பேர்லின் முழுக்க பஸ் ஓடி, சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம் நடத்திறவன் ரெண்டு வரி எழுத மாட்டானோ? ஏன்... நல்லா இல்லையோ?

– நல்லா இருக்குது. அதுதான் பிரச்சினை.

– உன்ரை அக்கா வாசிச்சிட்டு அழுதவள், தெரியுமோ?

– அக்கா விளம்பரத்துக்கும் அழுவா. கேளுங்கோ, வாசிக்கிறன். 'தாய்மொழியில் கனவு காணாத பிள்ளை வாடகை வீட்டில் வாழும் பிள்ளை. ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு மண் உண்டு; அந்த மண்ணில்தான் அது மலரும்.'

– ம்... இப்ப கேக்கவும் உடம்பு சிலிர்க்குது.

– உங்கடை சொந்த வரியோ?

– கருத்து எண்டால் எல்லாருக்கும் பொது தானே...

– அத்தான்!

– சரி, சரி. இன்டர்நெட்டிலை ஜெர்மனிலை கிடந்தது. தாய்மொழி எண்டு தேடினன், வந்திச்சு. நானே இருந்து தமிழாக்கினன். அதுக்கும் மூளை வேணும்.

– எழுதின ஆளின்ரை பேர் பாத்தனீங்களோ?

– எக்பெர்ட் ரூலோவ் எண்டு... டையெல்லாம் கட்டி, பேராசிரியர் மாதிரி ஒரு படம்.

– நாலு வருசமா லைப்சிக் யூனிவர்சிட்டியிலை நான் என்னத்தை ஆராயிறன்?

– அது ஏதோ அரசியல்... இந்த வெளிநாட்டுக்காரரை நாட்டை விட்டுக் கலைக்கச் சொல்லுற... ஐயோ!

– ஓம்.

– அந்தக் கூட்டத்து ஆளோ?

– அந்தக் கூட்டத்துக்குப் புத்தகம் எழுதிக் குடுக்கிற ஆள். ஊர்வலத்திலை கத்துற பெடியளுக்கு வசனம் எங்கையிருந்து வருது எண்டு நினைச்சியள்?

– சும்மா பயப்பிடுத்தாதை. ஒரு கெட்ட சொல்லு இல்லை அதிலை!

– அதுதான் கெட்டித்தனம். அந்தக் காலத்து ஆக்கள் 'நாங்கள் மேல், நீங்கள் கீழ்' எண்டு வெளிப்படையா எழுதிச்சினம். ரெண்டாம் உலகப் போருக்குப் பிறகு அது எடுபடேல்லை. அதாலை இவையள் வேறை மாதிரி எழுதீனம். எல்லா இனமும் நல்ல இனம்தான்... தன்ரை தன்ரை இடத்திலை இருந்தால்.

– நான் அதுக்குக் கீழை வாசிக்கேல்லை.

– ஜெர்மன் மூலம் என்ரை ஃபோனிலை கிடக்குது. தமிழாக்கி வாசிக்கட்டே?

– வேண்டாம்... சரி, வாசி.

– 'ஆகவே வாடகைக்கு இருப்பவர்கள் தங்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அன்பாகச் சொன்னால் அன்பாக, இல்லையென்றால் சட்டத்தோடு.'

– முப்பத்தொரு வருசம் இந்த நாட்டிலை. வாடகைக்கு இருக்கிறவர் எண்டது... என்னையோ?

– உங்களை, என்னை, அக்காவை. இந்த மண்டபத்துக்கு நாளைக்கு வரப்போற எல்லாரையும்.

– அந்தாளின்ரை வரியை நானே தமிழாக்கி, முன்னூறு பிரதி அடிச்சு, கலர் அட்டையும் போட்டு... சொந்தக் காசிலை சூனியம் வைச்ச கதை.

– எனக்குச் சிரிப்பு வருது. மன்னியுங்கோ.

– நீ சிரி. அந்தக் கத்தரிக்கோலை இங்கை தா. முன்னூறிலையும் அந்தப் பக்கத்தை வெட்டுவம்.

– முதல்லை அதின்ரை பின்பக்கத்தைப் பாருங்கோ.

– பதினெட்டு... கவிஷன்ரை கவிதை.

– மூண்டாம் வகுப்புப் பிள்ளை. பல்கணியிலை முட்டை போட்ட புறாவைப் பற்றி.

– ஒருத்தரும் சொல்லிக் குடுக்காமல் தானா எழுதினவன். 'மாஸ்டர், என்ரை புறா மலரிலை வருமோ?' எண்டு ஒரு நாளைக்கு ரெண்டு தரம் ஃபோன்... வெட்ட ஏலாது.

– ஏலாது.

– கறுப்பு மையாலை அழிச்சால்?

– எங்கடை சனத்தைத் தெரியாதோ? வெளிச்சத்திலை பிடிச்சு எழுத்து எழுத்தா வாசிக்கும்.

– அப்ப... பேசாமல் விடுவமே? உன்னைத் தவிர ஆருக்குத் தெரியும்?

– ஒருத்தருக்கும் தெரியாது. நல்ல வரி எண்டு பிள்ளையள் பாடமாக்கும்.

– பாடமாக்கிப் போட்டாள், நிருஷா.

– ஆர்?

– தேனுஜா. நாளைக்கு மேடையிலை பேச நான் தான் எழுதிக் குடுத்தனான். பதினாலு வயசுப் பிள்ளை. 'அந்த மண்ணில்தான்' எண்டு கையை உயர்த்தச் சொல்லியும் குடுத்தனான்.

– அத்தான்...

– வாய்க்குள்ளை ஊட்டி விட்டிருக்கிறன் பாவி. இல்லை, மறைக்க ஏலாது. நானே மேடையிலை சொல்லுறன். களவெடுத்த வரி எண்டும் சொல்லுறன், ஆரிட்டைக் களவெடுத்தது எண்டும் சொல்லுறன். அடுத்த பந்தியையும் வாசிக்கிறன்.

– தாய் தேப்பன்மார் சிரிப்பினம்.

– சிரிக்கட்டும். பதினாறு வருசம் மாஸ்டர், மாஸ்டர் எண்டு கூப்பிட்ட சனம். ஒரு நாள் சிரிச்சால் குறைஞ்சோ போவன்... கொஞ்சம் குறைவன். வெக்கமாத்தான் இருக்கும். ஆனால் பெரிய பிள்ளையள் உதுகளை ஃபோனிலை பாக்கிறவை. நல்ல வரி எண்டால் கீழையும் வாசி எண்டு ஆரும் சொல்லத்தானே வேணும்?

– தேனுஜாவின்ரை பேச்சு?

– இப்பவே ஃபோன் எடுப்பம். இங்கை பேர்லின் நொய்கெல்னிலை பிறந்த பிள்ளைக்கு இது வாடகை வீடோ, சொந்த வீடோ எண்டு அவளையே எழுதச் சொல்லுவம். நல்ல வாய்க்காரி. ஒரு பின்னேரம் காணும்.

– எந்த மொழியிலை கனவு காணுறாள் எண்டும் கேளுங்கோ.

– 'வீட்டுப்பாடம் செய்யாத அண்டைக்கு ரெண்டிலையும் கெட்ட கனவுதான் மாஸ்டர்' எண்டுவாள்... அதை விடு. எனக்கு ஒண்டு சொல்லு.

– என்ன?

– அந்தாள் எத்தினை புத்தகம் எழுதியிருப்பார்? அதிலை ரெண்டு வரி. அதுவும் என்ரை அரைகுறைத் தமிழிலை. பாத்த உடனை எப்பிடிப் பிடிச்சனீ?

– என்ரை ஆராய்ச்சி தானே அது...

– உன்ரை முகம் வேறை ஏதோ சொல்லுது.

– ...லைப்சிக் போன முதல் வருசம், விடுதியிலை எனக்கு ஒருத்தரையும் தெரியாது. நீ உண்மையிலை எந்த இடம், எந்த இடம் எண்டு பாக்கிற எல்லாரும் கேப்பினம். எனக்கும் ஒரு இடம் இருக்குது எண்டு இந்த வரி மட்டும்தான் சொன்ன மாதிரி இருந்திச்சு. நானும் தமிழாக்கி, வடிவா எழுதி, கட்டில் தலைமாட்டிலை ஒட்டி வைச்சிருந்தன் அத்தான். ஏழு மாசம்... கீழை வாசிக்காமல். நாளைக்கு மேடையிலை நீங்கள் தனிய நிக்க வேண்டாம். முதல்லை நான் ஏறிச் சொல்லுறன்.